இடது பக்கத்துக்கு ஒரு ஆள்

எங்கள் பக்கம் ஒரு மனுசியை ஜென்மப் பகையாளி ஆக்கிக்கொள்ள வரப்புத் தகராறோ சொத்துத் தகராறோ வேண்டியதில்லை. வீடு தேடி வந்தவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்லாமல் விட்டால் போதும். அதையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டமாகத்தானே வந்தார்கள் என்று மொத்தமாக ஒரு "வாங்க, வாங்க" போட்டுவிட்டு உள்ளே போய்விட முடியாது. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் "வந்தனுங்க" என்று பதில் சொல்வார்கள். விடுபட்டவர் அன்றைக்கு ஒன்றும் பேச மாட்டார். சாப்பிடாமல் கிளம்புவார். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அதைத்தான் பேசுவார்.

நான் அப்படி விட்டது என் கணவரின் அக்காவை. எங்கள் வழக்கப்படி நான் அவரை நங்கையா என்று கூப்பிட வேண்டும்.

கோயமுத்தூர் கணபதியில் எங்களுக்கு ஒரு கிரைண்டர் பட்டறை இருக்கிறது. மாவாட்டுகிற கிரைண்டருக்கு மோட்டார் பொருத்திக் கடைகளுக்கு அனுப்புகிற வேலை. மோட்டார் என் கணவர் பொறுப்பு. பில் போடுவதும் ஆட்களை அதட்டுவதும் என் பொறுப்பு. பட்டறைக்குப் புதுக் கட்டடம் கட்டித் திறப்பு விழா வைத்த அன்று, வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவளும் நான்தான். நங்கையா புளியம்பட்டியிலிருந்து மருமகள், பேரனோடு பஸ்ஸில் வந்து, காந்திபுரத்தில் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். மருமகளுக்கு வாங்க சொன்னேன். பேரனின் கன்னத்தைத் தொட்டு "வாங்க சாமி" என்றேன். சில்லறைக்காக நின்ற ஆட்டோக்காரரைக்கூட "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டேன். நங்கையாவுக்கு மட்டும் சொல்லவில்லை. பட்டுச்சேலை கட்டி, குத்துவிளக்குப் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, என் இடது பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

பெட்டியைப் படியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். "ஆட்டோக்காரனத் தெரியுது, என்னையத் தெரியலையாமா அவளுக்கு" என்பது அன்று சாயங்காலத்துக்குள் புளியம்பட்டியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நாட்களில் எனக்கு உலகத்தில் இடது பாதி தொலைந்துகொண்டிருந்தது. எனக்கே அது தெரியாது. தட்டில் தோசையின் வலது பாதியைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். "எளைக்கப் பாக்கறயா?" என்று கேட்டு மீதியை என் கணவர் சாப்பிட்டார். ஸ்கூட்டரின் இடது கண்ணாடியை கேட் தூணில் இடித்தேன். மாற்றி மாட்டினார்கள். அதையும் இடித்தேன். தூணை எவனோ நகர்த்தி வைத்துவிட்டான் என்று மேஸ்திரியைப் பிடித்துத் திட்டினேன். மூக்குக் கண்ணாடிக்குப் பவர் மாற்றக் கண் டாக்டரிடம் போனால், அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, கோளாறு கண்ணில் இல்லை என்றார். தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளையின் வலது பக்கத்தில் கட்டி இருந்தது. புற்றுநோய்.

அதைக் கேட்டபோது பயந்தேன். அந்தப் பயத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

ஆபரேஷன் செய்தார்கள். கரண்டு வைத்தார்கள், ரேடியேஷனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். முடி கொட்டி, வேறு ஏதோ ஒரு தினுசில் சுருட்டையாக முளைத்தது. பேச்சு போகவில்லை. அதில் என் கணவருக்கு வருத்தம் என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்கள். இடது காலில் மட்டும் கொஞ்சம் பலம் குறைந்தது. இடப்பக்கப் பார்வை திரும்ப வரவில்லை. இடது கண் தெரியவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டு கண்ணுக்குமே இடது பக்கம் கிடையாது. அங்கே இருட்டாகத் தெரிகிறதா என்று கேட்பார்கள். இருட்டு தெரிந்தால்கூடத் தேவலை, அங்கே ஏதோ இருக்கிறது என்றாவது தெரியும். உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறதோ, அதுதான் எனக்கு இடப்பக்கம் தெரிகிறது.

நங்கையா ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தார். தம்பி பொண்டாட்டிக்கு மண்டையைத் திறந்திருக்கிறார்கள், வராமல் இருக்க முடியுமா? வந்தவர் கட்டிலுக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் வாங்க சொன்னேன். மறுபடியும் அவர் விட்டுப்போனார். கட்டி விவரத்தை என் கணவர் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். "ஒரு பக்கம் மட்டும் எப்படிடா தெரியாமப் போகும்? கண்ணு போச்சுன்னா ஒருசேரல்ல போகோணும்" என்று கேட்டுவிட்டு, ஆரஞ்சுப் பழப் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

அதற்கப்புறம் ஒன்றரை வருசம் என்னை எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். இதை நான் புகாராகத்தான் சொல்கிறேன். நான் பிறவியிலேயே சண்டைக்காரி. எட்டு மணிக்கு வரவேண்டியவன் எட்டே காலுக்கு வந்தால் பட்டறையே அதிரும். இப்போது அதட்டினால் "சரிங்கம்மா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். என் கணவர் என்னோடு போட்டிபோட்டுச் சத்தம் போடுகிறவர். அவரும் நான் என்ன சொன்னாலும் தலையாட்டினார். படி இறங்கினால் ஒருவர் பிடித்தார், தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ஒருவர் பிடுங்கினார். நான் அறையைவிட்டுப் போனதும் "பாவம்" என்று யாராவது ஒருத்தர் சொல்வது கதவு வழியாகக் கேட்கும். கட்டியைவிட அந்த வார்த்தை எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

அதனால்தான் அந்த நடைக்குப் பேர் கொடுத்தேன். மூளைப் புற்றுநோய் வந்து வைத்தியத்துக்கு வழியில்லாதவர்களுக்காக நிதி திரட்ட, கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் வரை இரண்டு நாள் நடை. அன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ராத் தங்கல். நிதி நான் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வந்துவிடும், பட்டறைக்குச் சரக்கு போடுகிற ஒருத்தரையும் நான் விட்டுவைக்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு. ஒரு முழுக் காரியத்தை, ஆரம்பம் முதல் முடிவு வரை, யாரும் தூக்காமல், பிடிக்காமல், என் சொந்தக் காலில் செய்து முடிக்க வேண்டும். பவானி ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கிற ரிப்பனை நடந்தே போய்த் தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஏற்பாடு செய்தவர்களில் ஒரு டாக்டர் பெண் இருந்தாள். எனக்கு வைத்தியம் பார்த்த பெரிய டாக்டரின் கீழ் வேலை பார்க்கிறவள். அவள் இரண்டு கட்டளை போட்டாள். எதிரே வருகிற வண்டி தெரிய வேண்டும் என்பதால் எல்லோரும் சாலையின் வலது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். அப்படி நடந்தால் லாரியெல்லாம் என் இடது பக்கமாகப் போகும். "அதனால அக்கா, உங்க இடது பக்கம் எப்பவும் ஒரு ஆள் இருக்கணும். ஆள் இல்லைன்னா வேன்ல ஏத்திருவேன்." எல்லோருக்கும் கடைசியில் மெதுவாக ஒரு வேன் வரும். முடியாதவர்களையும் பின்தங்கினவர்களையும் அள்ளிக்கொள்வது அதன் வேலை. ஏறினால் ஏறினதுதான், நடை கணக்கில் வராது.

இடது பக்கத்துக்கு என் கணவர் ஆளாக வந்தார். டீக்கடை பட்டறைக்கு எதிர்ச் சாரியில் இருக்கிறது, அதற்கே அவர் வண்டியை எடுப்பார். பஞ்சர் ஆனாலொழிய அவர் நடந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்று மாசம் என்னோடு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றினார். சுற்றுக்கு ஒருதரம் "ஏம்மா, இத கார்ல போனா நிதி குடுக்க மாட்டாங்களாமா?" என்று கேட்டார்.

விடியக் கிளம்பினோம். ஆரஞ்சுப் பனியன், முதுகில் கொட்டை எழுத்தில் வாசகம். சரவணம்பட்டி தாண்டி ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, எங்கள் எல்லோரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "பழனிக்கு இந்தப் பக்கம் இல்லீங்களே" என்று வருத்தத்தோடு சொன்னார். வெகு தூரம் தப்பாக வந்துவிட்டோம் என்று அவருக்கு உண்மையிலேயே கவலை. நாங்கள் விளக்கிச் சொன்ன பிறகும், "எதுக்கும் வெசாரிச்சுக்கங்க" என்றுதான் மிதித்துப் போனார்.

கோவில்பாளையத்தில் சனியன் பிடித்தது. என் கணவர் பெருமையாகச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் போகும் வழியைப் போட்டிருந்தார். சத்தி ரோடு முழுக்க எங்கள் சொந்தம்தான். உடம்பு முடியாதவள் தங்கள் ஊர் வழியாகப் போகிறாள், வந்து பார்க்காவிட்டால் நாளைக்கு ஒரு வார்த்தை வந்துவிடாதா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் சாப்பாடு நிரம்பிய தூக்குப்போசியோடும் நின்றார்கள். அங்கேதான் எனக்கு ஒரு பெரிய சிக்கல் வந்தது. யார் யாருக்கு வாங்க சொல்வது? அவர்கள் ஊருக்கு நான் வந்திருக்கிறேன், அப்படியானால் அவர்கள் சொல்ல வேண்டும். ஆனால் என்னைப் பார்க்க அவர்கள் வந்திருக்கிறார்கள், அப்படியானால் நான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒருதரம் பட்டவள் என்பதால் நான் முந்திக்கொண்டேன். தலையை இடது கோடி வரைக்கும் திருப்பித் தேடித் தேடிச் சொன்னேன். அவர்களும் விடாமல் சொன்னார்கள். நடுரோட்டில் இரண்டு தரப்பும் மாறி மாறி வாங்க, வாங்க என்று கும்பிட்டுக்கொண்டு நிற்க, பஸ்காரர் ஒருத்தர் நாங்கள் பஸ்ஸைக் கூப்பிடுகிறோம் என்று நிறுத்தினார்.

அப்புறம் சாப்பாடு. எங்கள் ஊரில் "வேண்டாம்" என்பதற்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னொரு கரண்டி போடுவார்கள். என் சித்தி ஒருத்தர் அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றி என் கையில் திணித்தார். "நடக்கோணும் சித்தி, வேண்டாமுங்க" என்றால், "நடக்கறவளுக்குத்தான் கண்ணு தெம்பு வேணும்" என்றார். முன்னால் நடந்தவர்கள் புள்ளியாகிப் போனார்கள். பின்னால் வேன் வந்து நின்றது.

அந்த வேன்காரரைப் போல மரியாதையான மனுசரை நான் கண்டதில்லை. ஹாரனைக்கூட இருமுகிற மாதிரிதான் அடிப்பார். தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க அக்கா, ஏறிக்கறீங்களா? அவசரம் ஒண்ணுமில்லீங்க. சும்மா கேட்டனுங்க" என்பார். அதைக் கேட்டதும் சாதத்தை விழுங்கிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்புவேன். அடுத்த ஊரில் அடுத்த தூக்குப்போசி நிற்கும். முதல் நாள் நான் அன்னூர் போய்ச் சேர்ந்தது காலால் அல்ல, அந்த வேன்காரர் பேரில் இருந்த பயத்தால். மண்டபத்தில் என் கணவர் இரண்டு காலையும் வெந்நீர் அண்டாவில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் புளியம்பட்டி வரும்போது அவர் முட்டி வீங்கிவிட்டது. "அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு வாரேன்" என்று வேனில் ஏறினார். எட்டிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். டாக்டர் பெண் ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். "அக்கா, இடது பக்கம் ஆள் இல்ல. ஏறிக்கங்க." நான் சண்டை பிடித்தேன். தனியாக நடப்பேன், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வேன் என்றேன். அவள் அன்பாகச் சிரித்தாள். அன்பாகச் சிரிக்கிறவளிடம் என்னவென்று சண்டை போடுவது? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேன்காரர் நிற்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்து என் கணவரின் முட்டியால் போயிற்றே என்று.

அப்போதுதான் பஸ் நிறுத்தத்தில் நங்கையா நிற்பதைப் பார்த்தேன். வலது பக்கம் நின்றார். அவர் ஆயுசில் முதல்முறையாகச் சரியான பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். "வாங்க நங்கையா" என்றேன். அவர் வந்தேன் என்று சொல்லவில்லை. என்னைத் தாண்டிப் போய் வேனுக்குள் தம்பியைப் பார்த்தார். பிறகு வேன்காரரிடம் கேட்டார்.

"அந்தப் புள்ள என்ன சொல்லுதுங்க?"

"அக்காவுக்கு எடப்பக்கம் ஒரு ஆளு நடந்து வரோணுமாங்க. இல்லாட்டி ஏத்தச் சொல்லுது."

"அவ்வளவுதானா? நாந்தான் தோட்டத்துக்கும் ஊட்டுக்கும் தெனமும் நடக்கறனே. இங்கிருந்து நான் வாரேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு வந்து என் இடது பக்கம் நின்றுவிட்டார். நின்றார் என்று யூகிக்கிறேன். எனக்குத் தெரியவில்லையே.

ரொம்ப தூரம் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் பார்த்து நடக்கச் சொல்ல வேண்டிய வேலை இருக்கிறது. பேசாமலும் இருக்க முடியாது. அதனால் பின்னால் ஊர்ந்து வருகிற வேன்காரரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "டேங்கர் வருதுங்க. ஓரத்துல போறவங்கள இன்னும் ஓரம் போகச் சொல்லுங்க." அவரும் பயபக்தியோடு, "அக்கா, டேங்கர் வருதாமுங்க" என்று எனக்குச் சொல்வார். அதற்குள் டேங்கர் போயே போய்விடும்.

கொஞ்ச நேரத்தில் நங்கையா வேன்காரரிடம், "ஏனுங்க, இந்த வண்டி எதுக்குப் பொறத்தாண்டயே வருது?" என்று கேட்டார். யாராவது மெதுவாகப் போனால் ஏற்றிக்கொள்ளத்தான் என்று அவர் சொன்னார். நங்கையாவுக்குப் பிடிக்கவில்லை. போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டார். "ரோட்டு மேல ஒரு வேன் வரும். உள்ள உங்க சின்ன மாமனும் இருக்கறான். ரெண்டு பேரையும் சாப்புடாம அனுப்பிப்போடாத. கோழி அடிச்சுக் கொழம்பு வெய்யி. இல்லைன்னு சொல்லுவாங்க, உட்டுறாத." நங்கையாவின் வீடு ரோட்டை ஒட்டியே இருக்கிறது. மருமகள் வாசலில் நின்று கும்பிட்டாள். அந்த வேன்காரர் அத்தனை மரியாதையான மனுசர், எப்படி மறுப்பார்? "அவசரமுங்க, வேண்டாமுங்க" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் என் உயிரை எடுத்த வழக்கம் அன்றைக்கு வேன்காரரைப் பிடித்து உட்கார வைத்து இலை போட்டது. கோழி வேகிற வரைக்கும் எங்களுக்குப் பின்னால் ரோடு காலி.

வேன் இல்லாமல் போனதும் நங்கையாவுக்குப் பேச ஆள் இல்லை. கரண்டுக் கம்பங்களிடம் பேசினார். "குழி இருக்குது." "காலத் தூக்கி வெக்கோணும், இழுக்கக்கூடாது." கொஞ்ச நேரத்தில் கம்பங்களுக்கு ஒரு வரலாறும் சொன்னார். பஸ் ஏறி, ஆட்டோ ஏறி, விளக்கு வாங்கிக்கொண்டு போன ஒருத்திக்கு ஒரு வாங்க இல்லை. ஆட்டோக்காரனுக்கு உண்டு. ஆஸ்பத்திரியிலும் இல்லை. தலையில் கட்டி என்றார்கள். கட்டி வந்தவர்கள் எல்லாம் வாங்க சொல்லாமலா இருக்கிறார்கள்?

நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை நாள் ஆயிற்று ஒருத்தர் என்னை இப்படித் திட்டி. ஊரே என்னை மன்னித்துவிட்டது. இவர் ஒருத்தர்தான் ஒன்றரை வருசமாக என்மேல் கோபம் குறையாமல் இருந்திருக்கிறார். நல்லா இருக்கிற மனுசியிடம்தானே கோபப்படுவார்கள். ஒரு இடத்தில் இடது கால் மடங்கியது. "புடிக்கட்டுமான்னு கேக்கறேன்" என்றார் கம்பத்திடம். "வேண்டாமுங்க" என்றேன். "வேண்டாம்னா போ" என்று விட்டுவிட்டார். அந்த இரண்டு நாளில் என் "வேண்டாம்" என்பதை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டவர் அவர் மட்டும்தான். அந்தத் தெம்பில் விறுவிறுவென்று நடந்தேன்.

அப்புறம் அந்தக் கச்சாயம் வந்தது. பையில் வீட்டில் சுட்ட கச்சாயம் வைத்திருந்தார். வெல்லப் பாகில் அரிசி மாவு பிசைந்து சுடுகிற இனிப்பு. அவருக்கு என்ன தோன்றியதோ, முதல்முறையாக என்னிடமே பேசினார்.

"எங்கையில என்ன இருக்குது?"

"எந்தக் கையிலீங்க?"

"நீட்டிட்டு இருக்கறனே, தெரியலையா?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க."

ஈ ஒன்று என் காதோரம் சுற்றியது. கச்சாயம் காதுக்கே வந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அங்கிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். மூக்குக்கு நேராக வந்ததும் ஒரு விளிம்பு முளைத்தது. "கச்சாயமுங்க. பாதி தெரியுதுங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "இப்ப முழுசுமுங்க." மறுபடி பின்னால் கொண்டுபோனார். மறுபடி காணோம். மூன்று நாலு தடவை அப்படியே செய்துபார்த்தார். பிறகு கச்சாயத்தை என் வலது கையில் வைத்தார்.

"எப்ப இருந்து?"

"பட்டறை திறப்புக்கு முன்னாலயே இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க."

இடப்பக்கத்திலிருந்து செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, நான் பயந்த அந்த வார்த்தை. "பாவம்."

எல்லாம் அதோடு கெட்டுப்போயிற்று. என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி அவர் பையில் போட்டுக்கொண்டார். முழங்கையைப் பிடித்தார். "கண்ணு" என்றார், "மெதுவா வா கண்ணு" என்றார். வெயிலுக்கு முந்தானையை என் தலைக்கு மேல் பிடித்தார். அத்தனை நேரம் அவர் வசவுக்கு ஈடு கொடுத்துக்கொண்டிருந்த கால் இரண்டும் தளர்ந்துவிட்டன. பாலம் கண்ணுக்குத் தெரிகிறது. என்னால் முடியவில்லை. மைல்கல் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் எனக்கு முடிக்கிற காரியம் என்று ஒன்று கிடையாது, என்னை மற்றவர்கள் உட்கார வைக்கிற காரியம்தான் என்று தோன்றியது.

பின்னால் இருமல் மாதிரி ஹாரன் கேட்டது. வேன்காரர் கோழிக்குழம்பு சாப்பிட்ட முகத்தோடு தலையை நீட்டினார். "ஏறிக்கறீங்களா அக்கா? அவசரம் ஒண்ணுமில்லீங்க."

நங்கையாவே கையைக் காட்டி வேனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இத்தன தூரம் நடந்ததே பெருசு. ஏறிக்க கண்ணு. உன்னையப் போயி நான் என்னென்னமோ நெனச்சுப்போட்டேன்" என்று கண்ணைத் துடைத்தார். கோழி அடித்து வேனை நிறுத்தியவர் இப்போது அவர் கையாலேயே கதவைத் திறக்கிறார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நங்கையா, ஒண்ணு சொல்றனுங்க. அன்னைக்கு நான் உங்களப் பாத்தேன்."

"என்னைக்கு?"

"திறப்பு விழா அன்னைக்கு. ஆட்டோவுல இருந்து எறங்கறப்பவே பாத்துட்டேன். அப்ப எனக்கு நேராத்தானே எறங்குனீங்க. பாத்துட்டுத்தான் வாங்க சொல்லல."

"ஏன்?"

"எம்பொண்ணு கல்யாணத்துல கூறைச்சேலைக்கு ஜரிகை பத்தலைன்னு நாலு பேரு முன்னால சொன்னீங்கல்ல. அதுக்குத்தான்."

சொன்னது சுத்தப் பொய். ஜரிகை பற்றி அவர் சொன்னது மட்டும் உண்மை, அந்தச் சேலைக்கு ஜரிகை பற்றாததும் உண்மை. என் முழங்கையிலிருந்து கை போய்விட்டது. தலைக்கு மேலிருந்த முந்தானை போய்விட்டது. வேன்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எந்திரி" என்றார் நங்கையா.

எழுந்தேன்.

"ஜரிகை பத்தலைன்னா பத்தலைன்னுதான் சொல்லுவேன். அத்தைக்காரி நான் சொல்லாம வேற எவ சொல்லுவா? அதுக்காக வாசல்ல வெச்சு என்னைய அவமானப்படுத்துவியா? வெளக்கத் தூக்கிட்டு நிக்கறேன். கை ரெண்டும் வெலவெலன்னு போச்சு. இதுல கட்டின்னு வேற சொல்லி என்னைய அழ வெச்சுப்போட்டயே." ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. என் பிறந்த வீட்டுக்குப் போனார், என் கல்யாணத்துக்குப் போனார், எங்கள் வீட்டு ரசத்துக்கு உப்பு பத்தாத கதைக்குப் போனார். நானும் விடவில்லை. பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே பாலத்தில் ஏறினேன். கால் வலித்தது. வலி பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது, வாய் பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது. கீழே ஆற்றில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்றுகூட நான் பார்க்கவில்லை.

அத்தனை கோபத்திலும் அவர் இடது பக்கத்தை விட்டுப் போகவில்லை. முன்னால் போயிருக்கலாம், வேனில் ஏறியிருக்கலாம். பாலத்தின் நடுவில் மைசூர் லாரி ஒன்று வந்தது. "திமிரு புடிச்சவ, லாரி வருது நில்லு, எங்கண்ணுல இனி முழிக்காத" என்று ஒரே மூச்சில் சொல்லி, தாண்டினதும் "நட" என்றார். எனக்குத் தெரியாத அந்தப் பாதி உலகத்திலிருந்து வசவு வந்துகொண்டே இருந்தது. அந்தக் குரலைக் கைப்பிடிச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு நடந்தேன். ரிப்பனைத் தாண்டினபோது கை தட்டினார்கள். நங்கையா அப்போதும் ரசத்தில்தான் இருந்தார்.

பந்தலில் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். நான் அழுதேன். யாரும் பாவம் என்று சொல்லவில்லை, எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். என் கணவர் வேனிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கி வந்து, நாங்கள் இருக்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்காமலே தள்ளி உட்கார்ந்தார். நங்கையா என் இடது பக்கத்து நாற்காலியில் டீயை ஊதும் சத்தம் கேட்டது.

"இனி உங்கூட எனக்குப் பேச்சு வார்த்தை கெடையாது" என்றார்.

"சரிங்க" என்றேன்.

டாக்டர் பெண் வந்து என் காலைப் பார்த்தாள். இரண்டு மாத்திரை கொடுத்தாள். போகும்போது, "அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை ஸ்கேன். மறந்துராதீங்க" என்றாள். மூன்று மாசத்துக்கு ஒருதரம் எடுக்கிற ஸ்கேன். கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு முந்தின வாரம் எனக்குத் தூக்கம் வராது.

இடப்பக்கம் டீ ஊதுகிற சத்தம் நின்றது.

"வெள்ளிக்கெழம ஆகாதுங்க" என்றார் நங்கையா, டாக்டர் பெண்ணிடம். "அன்னைக்கு நான் தோட்டத்து மஞ்ச வேக வெக்கறேன். ஆளுக்குச் சொல்லியாச்சு. சனிக்கெழம வெச்சுக்கங்க."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"சனிக்கிழமையே வெச்சுக்கலாம் டாக்டர்" என்றேன்.